ராயக்கோட்டை மலைமேல் ஒரு பகல்

மாமா எனக்கு முன்பே தருமபுரி ரயில் நிலையத்துக்கு வந்து நின்றிருந்தார். படையை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வந்து நிற்கும் வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோறு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். என் அம்மாவின் தம்பி.

நாங்கள் கிளம்பக் காரணம் ஒரு தூரதேசத்துச் செய்தி. அமெரிக்காவின் விண்வெளிக் கட்டளைத் தலைமையகத்தைக் கொலராடோ மாநிலத்திலிருந்து அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரத்துக்கு மாற்றப்போவதாக 2025 செப்டம்பர் 2ஆம் தேதி டிரம்ப் அறிவித்தார். 2021 ஜனவரியில், பதவியை விட்டு இறங்கும் தறுவாயில், அவர் அரசு தேர்ந்தெடுத்ததும் இதே ஹன்ட்ஸ்வில்தான். 2023 ஜூலையில் பைடன் அதை மறுத்துக் கொலராடோவிலேயே இருக்கட்டும் என்றார். இப்போது மறுபடியும் அலபாமா. கொலராடோ தேர்தல்களில் டிரம்புக்கு எதிராக வாக்களித்த மாநிலம், அலபாமா அவருக்கு அள்ளிக் கொடுத்த மாநிலம். கொலராடோவின் தபால் வாக்கு முறையும் இந்த முடிவுக்கு ஒரு பெரிய காரணம் என்று அறிவிப்பின்போது அவரே சொன்னார். செயற்கைக்கோள்களைக் காக்கும் படை எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரு மாநிலம் வாக்குப் போடும் விதம் குறுக்கே வருகிறது!

இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் வியப்படையவில்லை. "ராயக்கோட்டைக்கு ஒரு நாள் வா தம்பி. இந்தக் கதை நம் மண்ணிலும் நடந்ததுதான், காட்டுகிறேன்" என்றார்.

பாலக்கோடு, மாரண்டஹள்ளி என்று ரயில் மேட்டை நோக்கி ஏறியது. இருபுறமும் கேழ்வரகு, தென்னை, குச்சி நட்டுக் கயிறு கட்டிய தக்காளித் தோட்டங்கள். ராயக்கோட்டையில் இறங்கினால் ஊரே தக்காளிக் கூடைகளுக்கு நடுவில்தான் விழிக்கிறது. தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. எல்லை ஊர் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

மலை ஏற்றம் செங்குத்து. மாமா மூச்சு வாங்காமல் ஏறினார். நான்தான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். உச்சிக்குப் போகும் வழியில் பிளந்து கிடக்கும் மதில்கள், நீர் தேங்கிய சுனைகள், கூரை போன கட்டடங்கள். மேலே நின்றதும்தான் இந்தக் கோட்டைக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்று கண்ணுக்கே புரிந்தது. கீழே பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரிச் சமவெளி, மறுபக்கம் மைசூர் மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசல்படி இது. இங்கே இருப்பவன் கண்ணில் படாமல் ஒரு மாட்டுவண்டிகூட மேலே போக முடியாது.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடி இந்தக் கோட்டையைத் திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிப் பேட்டைக்குள் புகுந்தது, ஆனால் மலைக்கோட்டையைத் தொட முடியாமல் திரும்பியது. அந்தக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையில் நான் பலமுறை ஏறியிருக்கிறேன். அந்த வழுக்குப் பாறையில் தோளில் துப்பாக்கியோடு ஏறியவர்களை நினைத்தாலே எனக்குக் கால் கூசும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வந்தது. போரில் விழாத கிருஷ்ணகிரியும் சேர்ந்து பாராமகால் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது.

புதிதாகக் கிடைத்த இந்தச் சீமையை ஆள யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, கல்கத்தாவிலிருந்து ஆண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டார். நாட்டு மொழி தெரியாதவர்கள் என்பது அவர் சொன்ன காரணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியை நியமித்தார். ரீடுக்கு உதவியாக வந்தவர்களும் படைவீரர்களே. அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னையின் கவர்னர். தருமபுரியில்தான் அவர் குடியிருந்தார், தன் தோட்டத்தின் மீது உயிராக இருந்தார். வரி வசூலிக்க வந்தவர்கள் சீருடையில் வந்ததற்குக் காரணம் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே இருந்த நம்பிக்கையின்மை. தலைமையிடத்தையும் தலைவனையும் முடிவுசெய்வது எதிரி மட்டும் அல்ல என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி.

பிறகு 1799 வந்தது. திப்பு வீழ்ந்தார். எல்லை இருந்தால்தானே எல்லைக் கோட்டைக்கு வேலை? கம்பெனியின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போய்க் குடியேறியது. அங்கே காய்ச்சலில் சிப்பாய்கள் மடிந்தார்கள். 1809இல் படையைப் பெங்களூருக்கு நகர்த்தினார்கள். அந்தப் படைக் குடியிருப்புதான் கண்டோன்மென்ட். என் பாட்டி கடைசிவரை அதைத் "தண்டு" என்றே சொல்வார். 1881இல் மைசூர் நாட்டை அரச குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தபோதும் அந்தத் தண்டை மட்டும் வெள்ளையர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு பாறை நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். "நான் சேர்ந்ததும் அந்தத் தண்டில்தான்" என்றார் மாமா. 1976, அவருக்குப் பத்தொன்பது வயது. தகரப் பெட்டியோடு ஒசூரில் பஸ் மாறி, அல்சூர் பக்கம் போய் வரிசையில் நின்றிருக்கிறார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பெயரில் மெட்ராஸ் இருக்கிறது. 1780 முதல் அந்தப் படை தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. அதன் வீரர்களைப் படை முழுவதும் "தம்பி" என்று தமிழில்தான் அழைக்கிறது. ஆனால் அதன் வீடு இருப்பது பெங்களூரில். "பெயர் நம்முடையது, முகவரி அவர்களுடையது" என்று அவர் சொன்னபோது குரலில் கசப்பு இல்லை. அந்த வீட்டில் இருபத்து நான்கு ஆண்டுகள் உண்டு உறங்கியவர் அவர். எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

பெங்களூருக்கு எல்லாமே தானாக அமைந்துவிடவில்லை. 1940இல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் விமானத் தொழிற்சாலைக்கு இடம் தேடியபோது, மைசூர் திவான் மிர்ஸா இஸ்மாயில் 700 ஏக்கர் நிலம் கொடுத்தார். மைசூர் அரசின் சார்பில் 25 லட்சம் ரூபாய் முதலும் போட்டார். ஒரு சமஸ்தானத்தின் அரசியல் முடிவு அது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அங்கே வேர்விட்டது. அதைச் சுற்றி ஆய்வகங்கள் வளர்ந்தன, விமானப்படையின் பயிற்சிக் கட்டளைத் தலைமையகமும் அந்த நகரத்தில்தான் இருக்கிறது. நிலத்தை எடுத்துக் கொடுக்கும் அரசுக்குப் படை வந்து சேரும் என்பதை மிர்ஸா இஸ்மாயில் அன்றே அறிந்திருந்தார்.

எல்லா இடமாற்றங்களிலும் நான் அரசியலைத் தேடவில்லை. தரைப்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம் 1955இல் லக்னோவுக்குப் போனது, சீனப் போருக்குப் பிறகு 1963இல் கொல்கத்தாவுக்கு வந்தது. அது தேவை. ஆனால் கேரளத்தைப் பாருங்கள். தென் பகுதி விமானக் கட்டளைத் தலைமையகம் 1984இல் திருவனந்தபுரத்தில் அமைந்தது. ஏழிமலையில் கடற்படை அகாதமிக்காக 2,452 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. 1987இல் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார். 2009இல்தான் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள்! டில்லியில் ஆட்சிகள் மாறின, திருவனந்தபுரத்திலும் மாறின. அந்த நிலம் அகாதமிக்கே என்பது மட்டும் மாறவில்லை. அந்த விடாப்பிடிதான் எனக்குப் பொறாமை தருகிறது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1961இல், ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1963இல் சென்னைக்கு அதிகாரிகள் பயிற்சி அகாதமி வந்தது. தரைப்படையின் தட்சிண பாரத் பகுதித் தலைமையகமும் சென்னையில். வெள்ளையர்கள் குளிருக்காகத் தேடிப்போன வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட். ஆனால் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வறண்ட வடமேற்கு மூலைக்கு என்ன வந்தது?

தலைமையகம் வெறும் கௌரவம் என்று யாராவது சொன்னால் அவர்களைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போவேன். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கலெக்டர் அலுவலகம் வந்த பிறகு அந்த ஊர் எப்படி மாறியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். வாடகை வீடுகள், ஜெராக்ஸ் கடைகள், மெஸ்கள், புதுப் பள்ளிகள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு சான்றிதழுக்காகத் தருமபுரிக்குப் போய் இருட்டில் திரும்புவது நின்றது. ஒரு சிவில் தலைமையகமே இவ்வளவு செய்யும் என்றால், பள்ளியும் மருத்துவமனையும் கேன்டீனும் சேர்ந்து வரும் ஒரு படைத் தலைமையகம் என்ன செய்யாது?

மதியம் பஸ்ஸில் ஒசூர் போனோம். மத்திகிரிக் கால்நடைப் பண்ணையைச் சாலையிலிருந்து பார்த்தோம். 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த இடம். 1824இல் கம்பெனி இதைத் தொடங்கியது படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக. தண்டு பெங்களூரில், அதற்குத் தீனியும் குதிரையும் எங்கள் மண்ணில். இந்த ஏற்பாட்டுக்கு இருநூறு வயது ஆகிறது.

2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஒசூரும் ஒரு முனை. மகிழ்ச்சியான செய்திதான், நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒசூரை அந்தப் பட்டியலில் சேர்த்தது நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருதான் என்று நினைக்கிறேன். உதிரிபாகம் இங்கே செய்யப்படும், விமானம் அங்கே பறக்கும். குதிரைப் பண்ணையின் கணக்கு மறுபடியும் வந்துவிடக் கூடாது. 2024 ஜூனில் ஒசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தின்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக் கூடாது. இதை மீறிக் கேட்கத் துணிந்த அரசு, ஒரு படைப்பிரிவின் மையத்தையோ பயிற்சி நிலையத்தையோ இங்கே கொண்டுவா என்று ஏன் கேட்கக் கூடாது? எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கைவிடாமல் கேட்க வேண்டும்.

ஒசூர் பஸ் நிலையத்தில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு மறுநாள் காலை பெங்களூரு விமானப்படை மருத்துவமனையில் கண் பரிசோதனை. இரவு பழைய படைநண்பர் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பையில் மிச்சமிருந்த புளிச்சோற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, ஓய்வூதியப் புத்தகம் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அத்திப்பள்ளி தாண்டியதும் போன் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெஜஸ்டிக் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் ராயக்கோட்டை வழியாகத் திரும்பும் பஸ்ஸைத் தேடிப் போனேன்.