புஜ்ஜியும் அரிசி மண்டித் தராசும்

புஜ்ஜி எங்கள் வீட்டு லாப்ரடார் நாய். ஒன்பது வயது. போன ஆடியில் ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு கிடந்தாள். வாசலில் மூன்றே படி. அதில் அவளை ஏற்ற, அப்பா வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம். டாக்டர் நேராகத் தராசில் ஏற்றினார்: 41 கிலோ. விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தேடினேன், எலும்பே கைக்குக் கிடைக்கவில்லை.

"வலிக்கு மாத்திரை தர்றேன். ஆனா அதையே நம்பி ஓட்டினா கிட்னியையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். எடையை இறக்குங்க, 34 போதும்" என்றார். கொழுப்பு, மூட்டுகளை அமுக்குவதோடு நிற்பதில்லையாம். வீக்கத்தைக் கூட்டும் பொருட்களையும் அதுவே சுரக்கிறதாம்.

அன்று ராத்திரி கணக்கெடுத்தோம். இரண்டு வேளைச் சாப்பாடு போக, அம்மாவின் தயிர்சாத மிச்சம், பக்கத்து வீட்டுப் பாட்டியின் இட்லி, அப்பாவின் மேரி பிஸ்கட். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ. டீக்கு இரண்டு பிஸ்கட் புஜ்ஜிக்கு. "பாவம்மா, வாயையே பார்த்துக்கிட்டு இருக்கு!"

அதுவும் பொய்யில்லை. லாப்ரடார்களில் ஏறத்தாழ கால்வாசிக்கு, பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு பசிக்கும் பிறவி.

டம்ளரால் அளப்பதை விட்டுச் சமையல் தராசு வாங்கினேன். 41 கிலோ நாய்க்கு இல்லை, 34 கிலோ நாய்க்கான அளவு. வாரத்துக்கு நானூறு கிராம் குறைந்தால் போதும், பட்டினி போடாதீங்க என்றிருந்தார் டாக்டர். (பூனை வளர்ப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.) வெயில் ஏறுவதற்குள் பத்து நிமிட நடை, சாயங்காலம் இன்னொன்று. வழுக்கும் டைல்ஸ் மேல் கயிற்றுப் பாய்.

ஞாயிறுதோறும் தெருமுனை அரிசி மண்டியில், மூட்டை நிறுக்கும் தராசில் எடை பார்ப்போம். முதல் மாதம் ஊசலாட்டம்தான். ஒரு வாரம் கூடவே செய்தது. பாட்டி இட்லியை நிறுத்தவில்லை என்பது பிறகு தெரிந்தது.

38.4 வந்த வாரம், துண்டு இல்லாமல் தானே படியேறினாள். மூட்டுவலியுள்ள குண்டு நாய்களுக்கு ஆறு சதவீதம் இறங்கினாலே நொண்டல் குறைவதாக 2010-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கணக்குப் போட்டேன். 41-ல் ஆறு சதவீதம் இரண்டரை கிலோ!

இப்போது 34.6. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார், குளிர் நாட்களில் மட்டும் தேவைப்படுகிறது. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், ஓடும்போது லேசாகச் சாய்கிறாள்.

அப்பா டீக்கு இப்போது வெள்ளரிக்காய்த் துண்டு வைத்துக்கொள்கிறார். "புஜ்ஜி, மேரி!" என்று கூப்பிட்டு அதைத்தான் கொடுக்கிறார். அவளும் ஓடி வருகிறாள்.