கப்பலுக்கு ரயில் நிலையத்தில் என்ன வேலை?

இதே கேள்வியோடுதான் நாங்கள் அனுப்பிய மாதிரி ஓவியம் திரும்பி வந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊர் ரயில் நிலையச் சுவரில், இங்கு வந்து குடியேறியவர்களின் பயண நினைவுகளை வரைய அனுமதி கேட்டிருந்தோம். அனுமதி தர வேண்டியவர்கள் எதிர்பார்த்தது ஒரு நீராவி எஞ்சினும் இரண்டு ரப்பர் மரமும். நாட்காட்டிக்குத்தான் அது பொருந்தும்.

விளக்கக் கடிதம் எழுதினோம். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று ஓடிய கப்பல் ரஜூலா. பினாங்குத் தீவில் இறங்கியவர்கள் படகில் எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊருக்கு வந்து, அங்கே ரயிலேறித் தோட்டங்களுக்குப் போனார்கள். கப்பலை எடுத்துவிட்டால் அந்த ரயிலில் எங்கள் ஆட்களே இல்லை. நீண்ட இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பிளாட்பாரச் சுவர் கிடையாது: தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது, பக்கத்தில் அலுமினிய ஏணியைக் கொண்டுபோக முடியாது. நியாயம்தான். டிக்கெட் முகப்புக்கு எதிர்ச்சுவரைக் கொடுத்தார்கள்.

"உங்கள் பயண அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரியவர்கள், "என்னத்தைச் சொல்வது? வந்தோம், இருக்கிறோம்" என்று முடித்துவிட்டார்கள். "கையில் என்ன கொண்டுவந்தீர்கள், பாட்டி?" என்று மாற்றிக் கேட்டதும்தான் பேச்சு வளர்ந்தது. தகரப் பெட்டி, கோரைப் பாய், முருங்கை விதை. ஒரு பாட்டியின் அம்மா குழவியை மட்டும் சுமந்து வந்திருக்கிறார். அம்மி இங்கேயே கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம்! அதே பாட்டி பள்ளி மாணவர்கள் வரைந்த படத்தைப் பார்த்து, "புகைபோக்கி சிவப்பில்லை தம்பி, கறுப்பு. நடுவில் வெள்ளைப் பட்டை இரண்டு" என்றார். பழைய புகைப்படத்தைத் தேடிப் பார்த்தோம். அப்படியே இருந்தது.

சுவர் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. பாசியைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஈரம் ஊறாமல் தடுக்கும் சீலர் பூசிய பிறகே வண்ணம். எங்கள் ஊர் மழையில் காய்வது என்பது பெரும்பாடு. கட்டம் போட்டு, படத்தைப் பெரிதாக்கி வரைந்தோம். குழவியை ஆள் உயரத்துக்கு வரைந்தது என் பிடிவாதம். கப்பலைவிட அதன் பக்கத்தில்தான் எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்கள்.

மழைநீர் வடியும் கூரைப் பீலி ஒரு மூலையில் ஒழுகி, ஓவியத்தில் கோரைப் பாயின் ஓரம் உப்பத் தொடங்கியிருக்கிறது. பீலியை மாற்றித் தரும்படி கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.