1966 கார்வெட் கடிகாரத்துக்குக் குவார்ட்ஸ் மெஷின்: இதுவரை நடந்தது

மிச்சிகனில் இருக்கும் நண்பர் ஒருவரின் 1966 கார்வெட் காரில் எல்லாம் ஓடுகிறது, ரேடியோவுக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைத் தவிர. கடிகாரம் நோண்டுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதால் அது என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கால அமெரிக்க கார் கடிகாரம் உண்மையில் ஸ்பிரிங்கில்தான் ஓடுகிறது. மின்சாரத்தின் வேலை சாவி கொடுப்பது மட்டும். ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு பாயின்ட்கள், அதாவது மின்சாரத்தை இணைக்கும் முனைகள், தொட்டுக்கொள்ளும். காந்தச் சுருள் ஒரு கையை ‘டொக்’ என்று உதைத்து ஸ்பிரிங்கை மறுபடி இறுக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது நடக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் உதைக்கத் தெம்பு இருக்காது. பாயின்ட்கள் ஒட்டியபடியே நிற்க, மின்சாரம் ஓடி ஓடிச் சுருள் கருகிவிடும். பின்பக்க டப்பாவைக் கழற்றியதும் வந்த வாசனையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

சுருளை மாற்றிப் பாயின்ட்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் பழைய மெஷினே ஓடும். மற்ற கார் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். இது பனிக்காலம் முழுக்க ஷெட்டில் தூங்கும் கார். பேட்டரி இறங்கத்தான் செய்யும், சுருளும் மறுபடி கருகும். அதனால் குவார்ட்ஸ். ஆனால் டயலில் துளை போடக்கூடாது, முள்களை அரத்தால் ராவக்கூடாது, நாளைக்கு யாராவது பழைய மெஷினைத் திரும்ப மாட்ட நினைத்தால் மாட்ட முடிய வேண்டும். இதற்கென்றே தயார் கிட் விற்கிறார்கள். எனக்குச் சுவர்க்கடிகார மெஷினை வைத்துச் செய்து பார்க்க ஆசை.

விநாடிக்கு ஒருமுறை குதிக்கும் மெஷின் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். பழைய கடிகாரத்தில் சிவப்பு விநாடி முள் வழுக்கிக்கொண்டு போகும்; அது குதித்தால் காருக்குள் உட்கார்ந்த உடனே கண்ணில் உறுத்தும். ஓசையில்லாமல் ஓடும் ஸ்வீப் மெஷின் வாங்கினேன். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், பரவாயில்லை.

காரின் 12 வோல்ட்டை மெஷினுக்கு வேண்டிய 1.5-க்கு இறக்குவதற்கு எல்எம்317 என்ற வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் சில்லு போடலாம். ஆனால் அந்தச் சுற்றே சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும். நான் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்குப் பிறகு ஒரு சிவப்பு எல்இடி, அதற்கு இணையாக 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று முடித்துக்கொண்டேன். எல்இடியின் இரு முனைக்கு நடுவே ஏறக்குறைய 1.7 வோல்ட் நிற்கிறது. மெஷினுக்கு அது தாங்கும். மொத்தச் செலவு 2.3 மில்லி ஆம்பியர், அதாவது மாதத்துக்கு 1.7 ஆம்பியர் ஹவர். எல்இடி எரியும் அல்லவா, இரவில் டயலின் நடுத்துளை வழியே சிவப்பாகக் கசியும். அதற்குக் கறுப்பு நெயில் பாலிஷ், மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்). பாதுகாப்புக்கு ஒரு டயோடும் சிறிய ஃபியூஸும் முன்னால் உண்டு.

மின்சார வேலை இவ்வளவுதான். பாடு படுத்தியது முள்கள். பழைய முள்களின் துளையும் புதிய மெஷினின் தண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மெஷினோடு வந்த மட்டமான முள்களை நறுக்கி, நடுவளையத்தை மட்டும் எடுத்து, அதன்மேல் அசல் முள்ளை அரக்கு வைத்து ஒட்டினேன். எபாக்ஸி போட்டால் நிரந்தரம்; அரக்கு என்றால் ஸ்பிரிட்டில் ஊற வைத்தால் விட்டுவிடும். அரக்கு இறுகுவதற்குள் முள்ளை நேர் நடுவில் நிறுத்த வேண்டும். லென்ஸ் கண்ணில், சாமணம் கையில், மூச்சு விடாமல்.

விநாடி முள்ளைத்தான் அதிகம் சோதித்தேன். அசல் முள் கனமானது. கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தால் 45-ஆம் விநாடி அருகேதான் திணறும், ஏனென்றால் முழு நீளமும் பக்கவாட்டில் கிடக்கும் முள்ளை மேலே தூக்க வேண்டிய இடம் அது. வால் பக்கம் துளி ஈயம் வைத்ததும் திணறல் போய்விட்டது. சப்ளையை 9 வோல்ட் வரை இறக்கியும் பார்த்தேன், நிற்கவில்லை.

நேரம் திருத்தும் குமிழ் முன்பக்கத்தில். புதிய மெஷினின் சக்கரமோ பின்பக்கத்தில். குமிழின் தண்டை நீட்டி, நுனியில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் மாட்டிய சிறு உருளை வைத்தேன். குமிழை இழுத்தால் உருளை சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும், விட்டால் விலகும். என்ன, குமிழைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் முள் சுற்றுகிறது! பழைய மெஷினில் முள்ளைத் திருத்தும்போதே உள்ளே ரெகுலேட்டரும் துளி நகர்ந்து வேகத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்த நேர்த்தியான ஏற்பாடு இதில் போய்விட்டது, எனக்கு வருத்தம்தான்.

இப்போது மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. குவார்ட்ஸ் படிகம் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காக நடக்கும்; சூடு கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். மைனஸ் 10 டிகிரியில் ஒரு நாளைக்கு மூன்றரை விநாடி பின்தங்கும் என்று கணக்கு வருகிறது. இனி பல்ப் ஹோல்டரைத் துடைத்து மாட்ட வேண்டும், டப்பாவை மூட வேண்டும், அப்புறம் காரில் ஏற்ற வேண்டும். பழைய மெஷினைக் கருகிய சுருளோடு அப்படியே டப்பாவில் போட்டு, நண்பரிடமே கொடுத்துவிடப் போகிறேன்.