புதிய பதிப்புக்கு எப்போது மாறுவது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்ட பிறகு, மட்டக்களப்பில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்யும் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் எங்கே சந்தித்தாலும் "அண்ணன், நீங்க மாத்திட்டீங்களா?" என்றுதான் பேச்சுத் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதிலை இங்கே சற்று விரிவாக எழுதிவைக்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம், பாதுகாப்புத் திருத்தத்தையும் புதிய வசதிகளோடு வரும் பதிப்பையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான். பாதுகாப்புத் திருத்தத்தில் யோசிக்க எதுவுமில்லை. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற நச்சுநிரல் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதை நிறுவாமல் விட்டவர்கள். நாள் முழுக்க வாடிக்கையாளரின் பென் டிரைவ்களைச் செருகிக்கொண்டிருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

ஆகவே, இணையத்தில் இணைந்திருக்கும் கணினி விண்டோஸ் 11 க்கு மாற வேண்டும். இயலாவிட்டால், 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும் நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்காவது பதிவுசெய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியைக் கேட்பதால் நம் கடைகளிலுள்ள பழைய கணினிகள் பல தகுதி பெறா. அதோடு அது 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது என்பதால், 32 பிட் டிரைவர் (அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருள்) மட்டுமே உள்ள பழைய அச்சுப்பொறி அதில் இயங்காது. இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளின் கதை வேறு. பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு 2001 இல் வந்தது. அதற்குப் பின் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. இருந்தும் பாமினி எழுத்துருவோடு அதை வைத்துக்கொண்டு கோயில் மலரும் பரீட்சை வினாத்தாளும் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "வேலை நடக்குதுதானே" என்பது அவர்களுடைய வாதம். பல காலம் அது சரியாகவும் இருந்தது. இப்போது வேலை நடக்கவில்லை என்பதே என் கருத்து. ஆசிரியர்கள் வினாக்களை வாட்ஸ்அப்பில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையான யுனிகோட்டில் அனுப்புகிறார்கள். பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அதனால், விஞ்ஞான வினாத்தாளில் காபனீரொட்சைட்டின் குறியீடு "ஊழு2" என்றும் நீரின் குறியீடு "ர்2ழு" என்றும் வந்து நிற்கிறது. ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து வேறு எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை தடுமாறும். புதிய பதிப்பு தரும் பத்து வசதிகளைவிட, இந்த ஒரு இடர் நீங்குவதே எனக்குப் போதுமான காரணம்.

பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், 2012 இல் வெளிவந்த சிஎஸ் 6 பதிப்பு முதல் தமிழ் யுனிகோட் எழுத்துகளை முறையாகக் கோக்க முடிகிறது. அதற்குப் பிந்தியவை சந்தா கட்டினால் மட்டுமே கிடைக்கின்றன என்பதால், மாதாமாதம் கட்டும் அளவுக்கு வேலை வருகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். வினாத்தாளும் கடிதமும் மட்டும் செய்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் போதும்.

நம்மில் பலர் கேட்க மறக்கும் கேள்வி, அச்சகத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது. புதிய இன்டிசைனில் சேமித்த கோப்பைப் பழைய இன்டிசைன் அப்படியே திறக்காது. பழைய பதிப்பும் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவில் சேமித்துக் கொடுக்க வேண்டும், அல்லது எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎப் ஆக அனுப்ப வேண்டும். கல்முனையிலோ கொழும்பிலோ உள்ள அச்சகத்தோடு பேசாமல் நாம் மட்டும் முன்னே போய்ப் பயனில்லை.

எதற்கு மாறினாலும், முன்பு செய்த மலர் ஒன்றைப் புதிய பதிப்பில் திறந்து, அச்சிட்ட பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால், பத்தி நீண்டு, படத்தின் கீழ் இருக்க வேண்டிய பெயர் மறுபக்கம் போய்விடும். மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருகிறது. அதற்கு முந்திய வாரங்களிலும் தவணைப் பரீட்சைக் காலத்திலும் இந்தப் பரிசோதனையைத் தொடங்கவே கூடாது.

பழைய கணினியை எறிந்துவிடவும் வேண்டாம். இணையத்தைத் துண்டித்து, பேஜ்மேக்கரோடு ஒரு மூலையில் வைத்திருங்கள். வேலை குறைந்த நாட்களில் அதிலுள்ள மலர்களின் உரையை யுனிகோட்டுக்கு மாற்றி எடுக்கலாம். பிடிஎப் ஆக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பாமினியில் செய்த பிடிஎப்பில் "தமிழ்" என்று தேடினால் எதுவும் கிடைக்காது, ஏனெனில் அதற்குள் இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான்.