ராஜா விழுந்தால் ஆட்டம் முடிந்ததா? திருப்புறம்பியம் போர், 15 மி.மீ. அளவில்

குட்டிப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, பகடை போட்டு நகர்த்திப் பழைய போர்களை ஆடிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. திருப்புறம்பியம் போர் ஒருவழியாக மேசை ஏறிவிட்டது. ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிரே பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாகக் கங்கன் முதலாம் பிருதிவீபதி, சோழன் முதலாம் ஆதித்தன். 880ஐ ஒட்டி நடந்த சண்டை. கும்பகோணத்திலிருந்து வண்டியை எடுத்தால் அரைமணிக்குள் களத்தில் நிற்கலாம், அதனால்தான் இதில் கை வைத்தேன்.

28 மி.மீ. உயரப் பொம்மைகள் பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து யானை வரவழைத்துக் கட்டுப்படியாகாது. 15 மி.மீ. என்றால் நாமே செய்துகொள்ளலாம். கட்டுக்கம்பியை முறுக்கி உடம்பு, அதன்மேல் எம்-சீல். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் பிசின் ஒட்டாது. கோடையில் சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிசைய வேண்டும். கேடயங்களுக்கு நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரி செதுக்கி விற்பார்களே, அதே நெட்டிதான். புது பிளேடால் மெல்லிசாகச் சீவி, பால்பாயின்ட் பேனா மூடியால் அழுத்தினால் வட்டம் வந்துவிடும்.

ஆயுதம், கச்சை, கொண்டை எல்லாவற்றுக்கும் தாராசுரம் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டேன். அது இரண்டாம் ராஜராஜன் கட்டியது, நம் போருக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் பிந்தியது. பரவாயில்லை, ஐரோப்பிய இரும்புச் சட்டைக்காரனுக்கு வேட்டி கட்டிவிடுவதைவிட இது மேல். கொடிகள் சுலபம்: பாண்டியனுக்கு மீன், பல்லவனுக்கு நந்தி, சோழனுக்குப் புலி, கங்கனுக்கு யானை.

களம்தான் நேரத்தைத் தின்றது. வடக்கு ஓரம் கொள்ளிடம், தெற்கே மண்ணியாறு, நடுவே வயல். ஆற்றுப்போக்கு இன்றைக்கு இருப்பதையே வைத்துக்கொண்டேன். கொள்ளிடத்து மணல் இந்த அளவுக்குப் பாறாங்கல் மாதிரி தெரியும், டீ வடிகட்டியில் சலித்தால்தான் ஆகும். வயலுக்கு வண்டலைப் பொடித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலின்மேல் தூவினேன். பயிர், வாசல் மிதியடியிலிருந்து வெட்டிய தேங்காய்நார், பச்சை அடித்தது.

விதிகளுக்கு டிபிஏ என்ற பழைய தொகுப்பை எடுத்துக்கொண்டேன். பக்கத்துக்குப் 12 பேஸ், அதாவது பொம்மைகளை ஒட்டிய அட்டை, ஒவ்வொன்றும் 40 மி.மீ. அகலம். முறைக்கு ஒரு பகடை. விழுந்த எண் எத்தனையோ அத்தனை உத்தரவு போடலாம். சின்ன மேசைக்கும் ஒரு சாயங்காலத்துக்கும் சரியான அளவு. ஆனால் டெல்டா வயலுக்கு நானே ஒரு விதி சேர்த்தேன். ஆட்டம் தொடங்குமுன் பகடை போட்டு மாதத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஐப்பசி வந்தால் வயலுக்குள் குதிரைக்கும் யானைக்கும் பாதி நடைதான், பங்குனி வந்தால் அறுத்த வயல், தாராளமாக ஓடலாம். ஐப்பசியில் ஆடினால் சண்டை முழுக்க ஆற்றங்கரை மேட்டுக்காகத்தான் நடக்கிறது. யார் முதலில் மேட்டைப் பிடிக்கிறார்களோ அவர்கள் பாடு தேவலை.

அக்காள் மகன் பாண்டியன் பக்கம் ஆடினான். பிருதிவீபதியின் யானையைச் சுற்றி வளைத்துச் சாய்த்தான். "மாமா, ராஜா காலி. ஆட்டம் முடிஞ்சிச்சுல்ல?" என்றான்.

தொகுப்பில் இருப்பது தலைமைத் தளபதி ஒருவருக்கான விதி. துணைக்கு வந்த மன்னன் விழுந்தால் என்ன என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. பிருதிவீபதி உண்மையிலேயே இந்தப் போரில் இறந்தவன். பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேடு, அவன் வரகுணனை வென்று, 'வெல்லப்படாதவன்' என்று பொருள்படும் நண்பன் அபராஜிதனின் பெயரை மெய்யாக்கி, தன் உயிரைக் கொடுத்தான் என்கிறது. அவன் செத்தும் அவன் பக்கம் ஜெயித்தது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேலேயே மடிந்தான், படை தோற்றது. 1054இல் கொப்பத்தில் ராஜாதிராஜன் அதேபோல் விழுந்தான். ஆனால் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிச் சாளுக்கியரை முறியடித்தான். தலைவன் விழுந்தால் தோல்வி என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றில் ஒன்றுதான் பொருந்தும்.

அதனால் இப்படி மாற்றினேன். தலைவன் விழுந்ததும் ஒரு பகடை. 20 செ.மீ.க்குள் அதே பக்கத்தின் இன்னொரு தலைவன் யானைமேல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். 1, 2 வந்தால் அவன் படை பின்வாங்கும். 3, 4 என்றால் அடுத்த முறை அசையாது நிற்கும். 5, அதற்கு மேல் என்றால் அந்த முறை முழுக்க ஆவேசம், சண்டையில் ஒரு புள்ளி கூடுதல். வரலாற்றில் நடந்ததுதான் மேசையிலும் நடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதிகள் எனக்குப் பிடிப்பதில்லை. நடக்க வாய்ப்பு இருந்தால் போதும்.

மருமகனுக்கு இதில் திருப்தி இல்லை. ஆதித்தனை பிருதிவீபதிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொண்டு மாமா கூடுதல் புள்ளி வாங்கப் பார்க்கிறார் என்கிறான். நியாயமான சந்தேகம். இரண்டு தலைவர்களும் ஒரே இடத்தில் நின்றால் மறு கோடி காலியாகும், அங்கே குதிரையை விடு என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்து தக்கோலம். அதில் ஒரு லாபம்: ராஜாதித்தனை வீழ்த்தியவன் கங்கன் பூதுகன், ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்றவன். இங்கே சோழனுக்குத் தோள்கொடுத்த அதே கங்க பேஸ்களைத் திருப்பி எதிரே வைத்தால் போதும், புதிதாக வர்ணம் அடிக்க வேண்டாம். ராஷ்டிரகூடக் குதிரைகள்தான் பாக்கி. கம்பி வளைத்தாயிற்று, இன்னும் எம்-சீல் ஏறவில்லை.