அப்பாவிடமே கேட்டோம்

2023 ஜூன் மாதத்தில் என் தந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் என்றும், அது முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்றும் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 81. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் எழுத்தராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அக்டோபர் கடைசி வாரத்தில் இறந்தார். இடைப்பட்ட மாதங்களில் நாங்கள் எடுக்க நேர்ந்த முடிவுகளையும், அவற்றில் திருச்சபையின் போதனை எங்களுக்கு எங்கே கைகொடுத்தது என்பதையும், நாங்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு அப்பாவை எங்கே வருத்தினோம் என்பதையும் எழுதிவைக்க விரும்புகிறேன். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்குக் குடும்பங்களில் இதே நிலையில் நிற்பவை பல என்பதை இந்த ஓராண்டில் அறிந்துகொண்டேன்.

நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். உயிர் கடவுள் கொடுத்தது. ஆகவே கடைசி மூச்சு வரைக்கும் மருத்துவத்தில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்துவிட வேண்டும், எதையாவது வேண்டாம் என்று சொன்னால் அது கொலைக்குச் சமமான பாவம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். இதை எந்தக் குருவானவரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் படித்ததில்லை. ஆனாலும் நம்பினோம். 2016இல் அம்மா செயற்கைச் சுவாசத்தில் ஒன்பது நாட்கள் கிடந்து இறந்தபோது, காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றுதான் அவளைப் பார்த்தோம். அதையும் கடமை என்றே ஏற்றுக்கொண்டோம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அப்பாவுக்குச் சளிக்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அன்று இரவே, மூச்சு இன்னும் மோசமானால் வென்டிலேட்டர் போட வேண்டியிருக்கும், கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்று படிவத்தை நீட்டினார்கள். துபாயிலிருந்த அண்ணன் தொலைபேசியில், யோசிக்காமல் போட்டுவிடு, பணத்தை நான் அனுப்புகிறேன் என்றான். என் கை ஓடவில்லை. இரவு பத்து மணிக்குப் பங்குத்தந்தையை அழைத்து, "ஃபாதர், வேண்டாம் என்று சொன்னால் பாவமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டார்: "அப்பா என்ன சொல்கிறார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா முழு நினைவோடு பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார். அவருக்கு என்ன நோய் என்பதையே நாங்கள் அதுவரை முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை; "நுரையீரலில் கட்டி, மாத்திரையில் கரைந்துவிடும்" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் உயிரைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டு முடித்திருந்தோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை மருத்துவமனைக்கே வந்தார். வராண்டாவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையோடு கொண்டுவந்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2278ஆம் எண்ணைத் திறந்து காட்டினார். அதிகச் சுமையானதும் ஆபத்தானதும், எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாததுமான மருத்துவ நடவடிக்கைகளை நிறுத்திக்கொள்வது முறையானதே என்றும், அங்கே மரணத்தை விரும்புவதில்லை, அதைத் தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்வதே நடக்கிறது என்றும், அந்த முடிவை எடுக்கும் தெளிவு நோயாளிக்கு இருந்தால் அவரே எடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இது புதிதாக வந்த தளர்வு அல்ல என்பதையும் அவர் விளக்கினார். செயற்கைச் சுவாசக் கருவிகள் பரவத் தொடங்கிய 1957ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களிடம் பேசும்போது, சாதாரண வழிமுறைகளைக் கையாளத்தான் மனிதன் கடமைப்பட்டிருக்கிறான், பெருஞ்சுமையாகும் வழிமுறைகளுக்கு அந்தக் கடமை இல்லை என்று சொல்லியிருக்கிறார். 1980இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும் அதையே விரித்துச் சொல்கிறது.

எந்தக் கருவியையும் நல்லது, கெட்டது என்று திருச்சபை பட்டியல் போடவில்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது. விபத்தில் அடிபட்ட முப்பது வயது இளைஞனுக்கு அதே வென்டிலேட்டர் கடமையாகலாம். முதுகெலும்பு வரை புற்று பரவிய 81 வயது முதியவருக்கு அது வெறும் சுமையாகலாம். இந்த ஒரு விளக்கம் 2016இல் எங்களுக்குக் கிடைத்திருந்தால் அம்மாவின் கையைப் பிடித்தபடி செபமாலை சொல்லியிருப்போம் என்று நினைத்து அந்த வராண்டாவிலேயே அழுதேன்.

அன்று பகலில் மருத்துவரையும் வைத்துக்கொண்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஆக்சிஜன் முகமூடியைக் கையால் சற்று விலக்கி மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குழாய் போட்டா, திரும்ப எடுப்பீங்களா?" மருத்துவர் நேர்மையானவர். கிருமித்தொற்று குணமானாலும் நுரையீரல் இருக்கும் நிலையில் எடுப்பது மிகவும் கடினம் என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "அப்படின்னா வேண்டாம் மக்கா. ஊசி மருந்து போடட்டும், காத்து வைக்கட்டும். கேக்கலைன்னா வீட்டுக்குப் போவோம். அம்மா மாதிரி கண்ணாடிக்குள்ள வேண்டாம்" என்றார். ஏழு ஆண்டுகளாக அவர் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறார்.

அந்த முறை ஊசி மருந்துக்கே தொற்று அடங்கியது. வீட்டுக்கு அழைத்து வரும்போது, தீவிர சிகிச்சையை மறுத்த காரணத்தால், "மருத்துவ அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மருத்துவர் உள்பட எல்லோரும் ஒப்புக்கொண்டு எடுத்த முடிவுக்கு அப்படியொரு வாசகம் எதற்கு என்று கேட்டேன். வேறு படிவம் தங்களிடம் இல்லை என்றார்கள். பிள்ளைகள் கைவிட்டுக் கூட்டிப் போவதுபோல் எழுதப்பட்ட அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

பங்கைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞரின் யோசனைப்படி செப்டம்பரில் அப்பா முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் ஒன்றை எழுதினார்; தன்னால் பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைப்பது அது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி அளித்தது. ஆனால் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்ததால் சாதாரண மக்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அந்த விதியைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கினார்கள். தனக்காகப் பேச என்னையும் அண்ணனையும் அப்பா அதில் குறிப்பிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாளிதழ்கள் அந்தத் தீர்ப்பைக் "கருணைக் கொலைக்கு அனுமதி" என்று எழுதியதால், கத்தோலிக்கர் அதில் கையெழுத்திடலாமா என்ற கலக்கம் எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில், பலருக்கு இருந்தது. உயிரைப் போக்கும் நோக்கத்தோடு ஊசி போடுவதையும், அதே நோக்கத்தோடு தேவையான பராமரிப்பை நிறுத்துவதையும் திருச்சபை எக்காலத்திலும் ஏற்காது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் அதை உறுதியாகச் சொன்னதோடு, பயனற்ற தீவிரச் சிகிச்சையைக் கைவிடுவது கருணைக் கொலை ஆகாது என்றும் அதே இடத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார். பங்குத்தந்தை ஆவணத்தின் வரைவைப் படித்துப் பார்த்து, சுத்தம் செய்தல், வலி நிவாரணம், உடல் ஏற்கும் வரை உணவும் நீரும், திருச்சபையின் புனிதச் சடங்குகளான அருட்சாதனங்கள் ஆகியவை எக்காரணத்தாலும் நிறுத்தப்படக் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம்.

வலி விஷயத்தில்தான் நான் பெருந்தவறு செய்தேன். முதுகெலும்பு வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது போதைப்பொருள், மூச்சை நிறுத்திவிடும், நானே அப்பாவைக் கொன்றதாகிவிடும் என்ற பயத்தில் இரண்டு வாரங்கள் அந்த மாத்திரைப் பட்டையைப் பிரிக்கவே இல்லை. அப்பா வலியைச் "சேசு பட்ட பாடுகளோடு ஒப்புக்கொடுக்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர்தான் அந்தப் பட்டையைப் பார்த்துக் கோபப்பட்டார். எங்கள் பங்கிலுள்ள கன்னியர் மடத்தில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவர், வலியைக் குறைக்கும் மருந்து ஒருவேளை ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், மரணத்தை நோக்கமாகக் கொள்ளாதவரை அதைக் கொடுக்கலாம் என்று திருச்சபை 1957 முதலே போதித்து வருகிறது என்பதை எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அளவோடு தொடங்கி வலிக்கேற்பக் கூட்டிச் செல்லும் மார்ஃபின் மூச்சை நிறுத்திவிடாது என்பதையும், மலச்சிக்கலுக்கான மருந்தைக் கூடவே கொடுக்க வேண்டும் என்பதையும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். துன்பத்தை ஒப்புக்கொடுப்பது அவரவர் மனமுவந்து செய்வது; அதை நாம் இன்னொருவர் மேல் சுமத்த முடியாது என்றும் அவர் சொன்னார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. வலி பத்துக்கு எத்தனை என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். அப்பா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், கப்பல் சரக்குக்குக் கோடு போடுவதைப் போலவே, நான்கு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டுக் கட்டாகப் போட்டார். முதல் நாள் எட்டுக் கோடு. நான்காம் நாள் மூன்று கோடு. அன்று இரவு அவர் தானாக எழுந்து உட்கார்ந்து, பழைய வழக்கப்படி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று செபமாலையைத் தொடங்கினார். வலியில் கிடந்த இரண்டு வாரமும் அவரால் செபமாலையின் பத்து மணிகளைக்கூட முடிக்க முடியவில்லை.

நோயுற்றவருக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலையும் இதேபோலத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் அத்தை தலைமுறைக்கு அது இன்றும் அவஸ்தை பூசுதல்தான். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுப் படியேறினால் ஆள் பிழைக்காது என்று அர்த்தம். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல என்று சொல்லி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. முதுமையாலோ நோயாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். செப்டம்பர் மாதக் கடைசியில் அப்பாவே கேட்டார். நாங்கள் வெளியே நிற்க, அவர் பங்குத்தந்தையிடம் தம் பாவங்களைச் சொல்லி அரை மணி நேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். பிறகு நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் பங்குத்தந்தை எண்ணெய் பூசினார். பயப்படுவார் என்று நாங்கள் நினைத்தவர், அன்று மாலை மீன் குழம்பு கேட்டார்.

அக்டோபர் நடுவில் விழுங்குவது நின்றது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சியும் பாலும் கொடுத்தோம். இதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. குழாய் மூலம் கொடுத்தாலும் உணவும் நீரும் இயல்பான பராமரிப்பே என்று 2004இல் இரண்டாம் யோவான் பவுல் சொல்லியிருந்ததைப் பங்குத்தந்தை முன்பே கூறியிருந்தார். பத்து நாட்கள் கழித்து, உடல் எதையும் ஏற்க மறுத்தது. கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தது. நெஞ்சில் இறங்கி மூச்சில் களகளவென்று சத்தம் கேட்டது. காலும் வயிறும் நீர்கோத்து வீங்கின. குழாயில் ஊற்றுவதை நிறுத்துவோம் என்று செவிலியர் சொன்னதும் அத்தை, "என் தம்பியைப் பட்டினி போட்டா அனுப்பப் போறிய?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கேள்வியை நான் தவறென்று சொல்ல மாட்டேன். அவர் வளர்த்த பிள்ளை அது.

பங்குத்தந்தை அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசினார். உணவு உடலுக்குப் பயன்படும்வரை கொடுப்பது கடமை. உடல் அதை ஏற்கவோ செரிக்கவோ இயலாத நிலையில் நிறுத்த வேண்டும் என்று 2020இல் வத்திக்கானிலிருந்து வந்த நல்ல சமாரியர் மடலும் சொல்கிறது என்றார். "அவர் சாப்பிடாததால் சாகவில்லை அம்மா, சாகிறதால்தான் சாப்பிட முடியவில்லை." அண்ணனுக்கு இரண்டாம் யோவான் பவுலின் கடைசி நாட்களை நினைவூட்டினார்: 2005இல் அவர் உணவுக் குழாயை ஏற்றுக்கொண்டார், ஆனால் மருத்துவமனைக்குத் திரும்பிப் போகாமல் தம் அறையிலேயே ஏப்ரல் 2 அன்று இறந்தார். அந்தச் செய்தியை அன்று அப்பாவோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தவன் அண்ணன். மறுநாள் விமானம் ஏறினான்.

ஊற்றுவதை நிறுத்திய பிறகு அத்தைக்கு ஒரு வேலை கிடைத்தது. பஞ்சை நீரில் நனைத்து அப்பாவின் உதட்டையும் நாக்கையும் அரை மணிக்கு ஒருமுறை ஈரமாக்கினார். களகளச் சத்தம் ஒரே நாளில் குறைந்தது. மூன்றாம் நாள் அதிகாலையில், நற்கருணை அப்பத்தின் ஒரு சிறு துகளைப் பங்குத்தந்தை ஈர நாக்கில் வைத்தார்; இறக்கும் தறுவாயில் தரும் நற்கருணையான வழியுணவு அது. அன்பியத்தார் முற்றத்திலிருந்து செபமாலை சொன்னார்கள். செபமாலையின் நான்காம் பத்தில் "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் அப்பாவின் மூச்சு நின்றது. அவர் கை என் கையிலும் அண்ணன் கையிலும் இருந்தது. கோயில் மணி அடிக்க ஆளனுப்பினோம்.

கோடு போட்ட காலண்டர் தாள்களை அண்ணன் துபாய்க்கு எடுத்துப் போயிருக்கிறான். விருப்ப ஆவணத்தின் நகலைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் கேட்டு வாங்கிப் போயின. 2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, நோயாளர் தினத் திருப்பலியில் முதியவர்களுக்கு நோயில் பூசுதல் அளித்தார்கள். அத்தைக்கு 86 வயது. முட்டி வலியைத் தவிர வேறு நோயில்லை. முன் வரிசையில் எனக்கு முன்பாகவே போய் உட்கார்ந்து, பங்குத்தந்தை பக்கத்தில் வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார்.