அடுத்தவர் பிரிக்கப்போகும் நகை

"சின்ன வேலைதாங்க, துளி பொடி வச்சு ஊதினாப் போதும்." பொடி என்றால் மூட்டில் வைத்துத் தீ ஊதினால் உருகி ஓடி ஒட்டும் உலோகக் கலவை. பழுதுக்கு வரும் நகைகளில் முக்கால்வாசி இந்தப் பேச்சோடுதான் எங்கள் பட்டறைக்குள் நுழைகின்றன. நுழைந்ததும் நேராக என் மேசைக்கு வந்துவிடும். பெரியவர் தகட்டு வேலையும் கம்பி வேலையும் பார்ப்பார். அக்கா கல் பதிப்பார். தம்பி கணினியில் வரைந்து, மெழுகில் எடுத்து, வார்ப்பில் கொட்டுவான். பழுது என்னுடையது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளும் வேலை இல்லை இது. புது நகை செய்தவரை நாலு பேருக்குத் தெரியும். அறுந்த சங்கிலியை ஒட்டியவனை யார் நினைவில் வைத்துக்கொள்ளப்போகிறார்கள்? இருந்தாலும் இப்போது யாராவது மேசையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் மாட்டேன் என்பேன். நகை செய்யும் வேலையில் எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, யாரோ செய்து முடித்ததைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

நகை கைக்கு வந்ததும் நெருப்பைத் தொடுவதில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்ப்பேன், பின்பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம். முன்பக்கம் மெருகு போட்டுப் பளபளவென்று இருக்கும், அங்கே யாரும் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். கல் வைத்த மோதிரமாக இருந்தால் காதோரம் பிடித்து விரலால் தட்டுவேன். தளர்ந்த கல் இருந்தால் கிலுகிலுக்கும். கொண்டு வந்தவர் காதிலும் வைத்துக் கேட்கச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் திரும்ப வாங்க வரும்போது, "நாங்க குடுக்கிறப்போ எல்லாக் கல்லும் கெட்டியாத்தானே இருந்துச்சு" என்று ஆரம்பிக்கும்.

அளவு மாற்ற வரும் மோதிரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனையும் அதுதான். கல்லைக் கழற்றிவிட்டு மெல்லிய தீயில் மோதிரத்துக்குச் சூடு காட்ட வேண்டும், சிவக்கும் அளவுக்கு வேண்டாம். இணைப்பே தெரியாத வளையமாக இருந்ததில் குறுக்கே ஒரு கோடு மெல்ல எழும்பும். பொடியில் சேர்ந்திருக்கும் உலோகங்களின் விகிதம் வேறு, அதனால் சூட்டில் அது கறுக்கும் விதமும் வேறு. சில மோதிரங்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு தெரியும். அப்படியென்றால் யாரோ ஒருவர் எப்போதோ அந்த இடத்தில் துண்டு வைத்துப் பெரிதாக்கியிருக்கிறார். நானும் அந்தக் கோட்டிலேயே அறுப்பேன். வேறு இடத்தில் அறுத்தால் மோதிரத்துக்கு இன்னொரு மூட்டு கூடிப்போகும். ஒரு விஷயம் மட்டும் எத்தனை முறை சொன்னாலும் வருகிறவர்கள் நம்புவதில்லை: விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட்ட, சுற்றளவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தங்கம் சேர்க்க வேண்டும். நூலைச் சுற்றி அளந்து காட்டினால்தான் முகம் தெளியும்.

என் கோபமெல்லாம் ஈயப் பற்றின் மேல்தான். போன மழைக்காலத்தில் ஒரு காதணி வந்தது. 18 காரட், நுணுக்கமான கம்பி வேலை, முகத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. திருப்பினால் காதில் நுழையும் தண்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. தண்டு எப்போதோ விழுந்திருக்கிறது, யாரோ ஈயத்தை உருக்கி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். தூய தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும்; ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஒட்டுகிறவருக்கு அது சுலபம், அடுத்து வருகிறவருக்குத்தான் தலைவலி. அந்தக் கட்டி ஒட்டியிருக்கும்போதே தங்கப் பொடி வைத்து ஊதினால், ஈயம் தங்கத்துக்குள் இறங்கிக் கறையான் அரித்த மரம் மாதிரி குழிகுழியாகத் தின்றுவிடும். கொஞ்சூண்டு ஈயம் கலந்தாலே போதும், வளையக்கூடிய தங்கம் நொறுங்க ஆரம்பிக்கும்.

ஆகவே நெருப்புக்கு முன்னால் சுரண்டல். பூதக்கண்ணாடிக்கு அடியில் காதணியை அரக்கில் பதித்து, கூரான சுரண்டியால் கட்டியை மேலிருந்து சீவினேன். கம்பிகளுக்கு நடுவே வழிந்து போயிருந்ததை ஊசிமுனை அரத்தால் எடுத்தேன். ஈயத்துக்கென்று வைத்திருக்கும் அரத்தின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், அது வேறு எந்த வேலைக்கும் போகாது. கண்ணுக்குச் சாம்பல் நிறம் மறைந்த பிறகும் ஒரு படலம் மிச்சம் இருக்கும். அதைக் கரைப்பான் வைத்துக் கரைத்து, கழுவி, காயவைத்து, மறுபடியும் லூப். புதுத் தண்டைப் பற்றவைத்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. கூலி கேட்டபோது முகம் சுருங்கியது. துளி பொடிதானே!

ஈயம் போட்டவரைத் திட்டுவது சுலபம். அவர் முன்னால் அன்றைக்கு ஆள் காத்துக்கொண்டு நின்றிருக்கலாம். காதணியில் சூடு தாங்காத கல் ஏதாவது இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் துளையிட்டு, ஆணி நுழைத்து, இரண்டு பக்கமும் தட்டிப் பரப்பியிருக்கலாமே. தீயே வேண்டாம். பின்னால் வருகிறவன் ஆணியின் தலையை அராவிவிட்டுத் தட்டினால் கழன்றுவிடும்.

கல் விஷயத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். முத்து, பவளம், ஓபல், டர்குவாய்ஸ் எதுவும் தீக்குப் பக்கத்தில் போகக் கூடாது. மரகதத்தின் விரிசல்களில் பெரும்பாலும் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள், சூடு பட்டால் எண்ணெய் வெளியேறி விரிசல்கள் பளிச்சென்று தெரியும். இப்போது அதிகம் புழங்கும் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் இன்னும் மோசம். பற்றவைக்கத் தடவும் வெண்காரம் சூட்டில் அந்தக் கண்ணாடியையே அரித்துவிடும். வைரம் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தாங்கும்தான், ஆனால் வைரமும் கார்பன்தானே. போரிக் அமிலப் பூச்சு இல்லாமல் கடும் தீயில் காட்டினால் மேற்பரப்பு வெந்து மங்கிப்போகும். "கல்லு என்னன்னு தெரியலைன்னா கழட்டு. தெரிஞ்சாலும் கழட்டு" என்பார் அக்கா. லேசர் வெல்டிங் கருவி வந்தபிறகு முத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வளையத்தைக்கூடக் கழற்றாமல் ஒட்ட முடிகிறது. அதை நான் சங்கிலிகளோடு நிறுத்திக்கொள்வேன். தடித்த மூட்டில் பொடி ஓடி உள்ளே நிறைவது போன்ற நம்பிக்கை மேலோட்டமான லேசர் புள்ளிகளில் எனக்கு இன்னும் வரவில்லை. தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

பெரியவரிடம் உள்ளீடற்ற தங்கக் குண்டு (கோர்க்கும் உருண்டை மணி) எதைக் காட்டினாலும் அழகைப் பற்றிப் பேச மாட்டார். "ஓட்டை எங்க?" என்பார். இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்துப் பற்றவைக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் மூட்டு பிளக்கும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும். ஒருவேளை தப்பித்து ஒட்டிவிட்டாலும், எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் கறுப்பை எடுக்கப் போடும் அமிலம் அதன் வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மெல்லக் கசியும். நல்ல கைகள் அந்தத் துளையைக் கோர்க்கும் வழியிலோ பூவேலைக்கு நடுவிலோ ஒளித்திருக்கும். பழைய குண்டு ஒன்று நசுங்கி வந்தால் நான் முதலில் தேடுவதும் அதைத்தான். துளை பெரிதாக இருந்தால் அதன் வழியாகவே கம்பியை விட்டு உள்ளிருந்து நெம்பி எடுத்துவிடலாம், அறுக்கவே வேண்டாம். செய்தவர் அதற்காகத்தான் விட்டாரா என்று தெரியாது. நான் அவருக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டுவிடுவேன்.

பிரிக்கவே முடியாத வேலையும் இருக்கிறது, அதன் முன்னால் என் கொள்கை எல்லாம் அடங்கிப்போகும். பழங்கால இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே தங்கத் தகட்டின் மேல் 0.2 மில்லிமீட்டரை விடச் சிறிய தங்க மணிகளை வரிசை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். பொடி வழிந்த சுவடே இருக்காது. 19ஆம் நூற்றாண்டில் ரோமில் காஸ்டெல்லானி என்ற பொற்கொல்லர் குடும்பத்தார் அதே மாதிரி செய்து பார்க்க எவ்வளவோ பாடுபட்டார்கள். 1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழியைக் கண்டு காப்புரிமை வாங்கினார்: செம்பு உப்பைப் பசையில் குழைத்து மணிகளை ஒட்டிச் சூடாக்கினால், பசை கரியாகும், அந்தக் கரி செம்பு உப்பைச் செம்பாக மாற்றும், மணி தகட்டைத் தொடும் புள்ளியில் மட்டும் செம்பு தங்கத்தோடு கலந்து உருகுநிலையை இறக்கிவிடும். மற்ற இடமெல்லாம் திடமாக இருக்க, தொடும் புள்ளி மட்டும் இளகி ஒட்டிக்கொள்ளும். பெரியவர் இதைச் சின்ன அளவில் செய்து காட்டியிருக்கிறார். தீயின் நிறத்தைப் பார்ப்பதற்காக விளக்கை அணைக்கச் சொன்னார், ஒரு கணம் மணிகளின் மேல் பளபளப்பு ஓடியது, தீயை எடுத்துவிட்டார். இன்னொரு மூச்சு தாமதித்திருந்தால் எல்லாம் ஒரே உருண்டையாகியிருக்கும். இப்படி ஒன்று உடைந்து வந்தால் நான் தொட மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் இன்னொன்று, சூடான நகையை எப்போது தண்ணீரில் போடுவது என்பது. ஒரே பதில் கிடையாது. செம்பு தூக்கலான 18 காரட் சிவப்புத் தங்கத்தைத் தானாக ஆறவிட்டால் விறைத்துப்போகும், அடுத்த தட்டில் விரிசல் விடும். சூட்டோடு தண்ணீரில் போட வேண்டும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தை அப்படிப் போட்டால் அதுவே விரிசல் விடும்; கொஞ்சம் ஆறவிட வேண்டும். பழுது மேசையில் சிக்கல் என்னவென்றால், வந்திருப்பது எந்த வெள்ளைத் தங்கம் என்று மேலே பூசிய ரோடியம் முலாம் சொல்லாது.

மாலையில் எல்லோரும் மேசைக்குக் கீழே தொங்கும் தோலை உதறி அராவிய தூளைச் சேர்ப்போம். 22க்கு ஒரு டப்பா, 18க்கு ஒரு டப்பா. கை கழுவும் தண்ணீர்கூடத் தொட்டியில் தெளிந்த பிறகுதான் வெளியே போகும், தேய்ந்த எமரித் தாளையும் எரித்துச் சாம்பலை எடுத்து வைப்போம். என் மேசைத் தூளுக்கு மட்டும் தனி டப்பா. அதில் எத்தனையோ பேருடைய எத்தனையோ காரட் கலந்திருக்கும், சுத்திகரிக்க அனுப்புவதைத் தவிர அதற்கு வழி இல்லை. ஈயத் தூள் அதிலும் சேராது. தவறி யாராவது என் மேசையில் உட்கார்ந்து அராவினால் பெரியவருக்கு இருமல் வந்துவிடும்.

இந்த வாரச் சண்டை தம்பியோடு. ஒரு பதக்கம் வரைந்திருக்கிறான்: நடுவில் முத்து, சுற்றிலும் கிளைகள் மூடிய கூண்டு. முத்தைத் தாங்கும் ஆணியைத் தகட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டு, கடைசியில் பசை வைத்து முத்தைச் செருகிக் கிளைகளை மடக்கிவிடுவானாம். "ஒரு கிளை ஒடஞ்சா? முத்தை எப்படி எடுப்பே?" என்றேன். "ஒடையாதுண்ணே" என்றான். உடையாத நகை எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை என்பது உண்மைதான், அதனால் என் பேச்சில் அவனுக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைவு. ஆணியைத் தனியாகச் செய்து பின்பக்கத்திலிருந்து திருகு மாதிரி ஏற்றச் சொன்னேன், திருகைக் கழற்றினால் முத்து ஆணியோடு வந்துவிடும். "பின்னாடி திருகுத் தலை தெரிஞ்சா அசிங்கம்ணே." அக்கா நிமிராமலே, "தலையில பூ வெட்டித் தர்றேன், போடு" என்றார்.

அது முடிந்ததும் அடுத்த வில்லங்கம். பின்தகடு 0.6 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் திருகின் மரைக்கு மரை 0.25 மில்லிமீட்டர் இடைவெளி, அந்தத் தகட்டில் இரண்டு சுற்றுக்கு மேல் பிடிக்காது. தகட்டைத் தடிப்பாக்கினால் பதக்கம் கனத்து முன்னால் கவிழும். உட்புறமாக ஒரு குட்டிக் குழலைப் பற்றவைத்து அதற்குள் மரை வெட்டலாம் என்று பெரியவர் சொல்லி, குழல் இழுக்கக் கம்பியச்சை எடுத்து வைத்திருக்கிறார். குழலின் நீளம் முடிவாகும் வரை முத்தில் துளை போட மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். தம்பி மெழுகை மறுபடியும் எடுக்கிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.